வெட்கத்தின் வாளால் எடுக்கப்பட்ட பொருள்

  



இன்றைய பேச்சு யாரைப் பற்றியதோ அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பள்ளிக்குள் இல்லை. வீட்டில் லுஹரைத் தொழுதுவிட்டு, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, கைபேசியில் இந்த உரையின் எழுத்து வடிவத்தை வாசிக்கப் போகிறவர்கள் அவர்கள். ஆகவே பாதி நேரம் உங்களோடும், பாதி நேரம் அந்தச் சகோதரிகளோடும் பேசுகிறேன். யாரோடு பேசுகிறேன் என்பது உங்களுக்கே புரியும்.

எட்டு வருடங்களுக்கு முன்பு வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். ஒருநாள் அஸருக்குப் பிறகு, மக்தப் பிள்ளைகள் வரும் நேரத்தில், ஒரு சகோதரி தன் அத்தாவுடன் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஐந்து அடகுச் சீட்டுகள். மொத்தம் 22 பவுன். மஹராக வந்த 3 பவுனும் அதற்குள்தான். போதாக்குறைக்கு அவர் பெயரில் இரண்டு மகளிர் குழுக் கடன்கள். அந்தப் பணத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"எதையும் நான் அடகு வைக்கச் சொல்லல ஹஜ்ரத். பீரோ சாவி மாமி கையில. ஏடிஎம் கார்டு அவர் கையில. ஸ்கூல்ல சம்பளம் போட்டாங்களா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. பேங்க்ல கொடுத்திருக்கிற நம்பர் அவரோடது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சபூர் செய்யும்மா. குடும்பம் என்றால் அப்படித்தான். அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொன்னேன். அவர் அழவில்லை. பையை மடித்துக்கொண்டே, "சபூர் செய்றேன் ஹஜ்ரத். கணக்கு யாரு பார்ப்பா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் நான் மக்தபுக்குள் போய்விட்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பார்ப்போம். குடும்பத்துக்குள் ஒருவர் பொருளை ஒருவர் எடுத்துக்கொள்வது எப்போது பாவமாகிறது? "வீட்டுக்குத்தானே செலவு செய்தேன், சூதாட்டத்துக்கா கொண்டுபோனேன்?" என்று கேட்கும் ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சூரத்துன்னிஸாவின் 4வது வசனத்தை நிதானமாக ஓதிப் பாருங்கள். மஹர் பெண்ணுடைய உரிமை என்று அல்லாஹ் சொல்கிறான். அதிலிருந்து எதையாவது அவள் மனமுவந்து விட்டுக் கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் என்றும் சொல்கிறான். அங்கே நிபந்தனை அவளுடைய மனம். அவள் வாய் பேசாமல் இருந்தாளா என்பதும், கையெழுத்துப் போட்டாளா என்பதும் மனத்துக்கு ஈடாகிவிடாது. அதே சூராவின் 20வது வசனம், பொற்குவியலையே மஹராகக் கொடுத்திருந்தாலும் அதில் எதையும் திரும்பப் பிடுங்காதீர்கள் என்கிறது. 32வது வசனம், ஆண் சம்பாதித்தது ஆணுக்கு, பெண் சம்பாதித்தது பெண்ணுக்கு என்று பங்கைப் பிரித்தே சொல்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபின் ஃபுகஹாக்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு: வெட்கத்தின் வாள். நாலு பேர் முன்னிலையில் கேட்டால் மறுக்க வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறாரே, அந்தப் பொருள் கொடுக்கப்பட்டதல்ல, வாளைக் காட்டி எடுக்கப்பட்டது போன்றது என்பது அதன் கருத்து. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் இதைப் பேசியிருக்கிறார்கள். சபையில் வெட்கப்பட்டுக் கொடுத்ததற்கே இந்த நிலை என்றால், "நகையைக் கொடு, இல்லாவிட்டால் உன் அத்தா வீட்டுக்குப் போ" என்று சொல்லி வாங்கியதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே பணப்பையில் போட்டு, ஒரே பையிலிருந்து எடுத்து வாழும் வீடுகள் ஆயிரம் உண்டு. அவை பரக்கத்தான வீடுகள். அவற்றையெல்லாம் நான் சந்தேகிக்கவில்லை. என்னிடம் உள்ள அடையாளம் ஒன்றுதான். "போன மாதம் பணம் எங்கே போனது?" என்று இருவரில் யார் வேண்டுமானாலும் பயமில்லாமல் கேட்க முடிகிறதா? முடிகிறது என்றால் அது கூட்டு வாழ்க்கை. ஒருவர் மட்டும் கேட்கலாம், மற்றவர் கேட்டால் அன்று வீட்டில் சாப்பாடு இறங்காது என்றால் அது வேறு.

பாதிக்கப்படுவது பெண்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் 15 வருடம் வெயிலில் நின்று, தம்பி கணக்குக்குப் பணம் அனுப்பி, ஊருக்குத் திரும்பும்போது தன் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் நிற்கும் அண்ணன்மார் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். கீழே சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

மன்னிப்பதும் கேட்பதும்

சகோதரியே! உங்களை அதிகம் வாட்டும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "நான் திரும்பக் கேட்டால் துன்யாவை ஆசைப்பட்டவளாகி விடுவேனா? மன்னித்துவிட்டால் ஆகிரத்தில் கிடைக்குமே?"

மன்னிப்பது பெரிய அமல்தான். ஆனால் அது பொருளுக்குச் சொந்தக்காரரின் அமல். பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுடைய அமல் அல்ல. கேட்டுப் பெறும் சக்தி உள்ளவர் விட்டுக்கொடுத்தால் அது மன்னிப்பு. கேட்க வழியே இல்லாதவரிடம் "மன்னித்துவிடு" என்று சொல்வது, பறித்ததற்கு ரசீது கேட்பது போன்றது. சில ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கணவனின் ஜனாஸா கூடத்தில் கிடக்கும். அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் போய், "மஹரை ஹலாலாக்கிவிட்டேன் என்று சொல்லும்மா, மய்யித்துக்குப் பாரம்" என்பார்கள். அந்த நேரத்தில் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? வெட்கத்தின் வாளுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மஹர் கடன். மய்யித்தின் சொத்திலிருந்து, வாரிசுகளுக்குப் பங்கு வைக்கும் முன்பு கொடுக்க வேண்டிய கடன்.

ஹிந்த் பின்த் உத்பா (ரழி) அவர்களின் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கணவர் அபூஸுஃப்யான் (ரழி) செலவுக்குப் போதுமான அளவு தருவதில்லை, அவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் உண்டு என்று நபி (ஸல்) அவர்களிடமே வந்து முறையிட்டார்கள். "கணவரைப் பற்றி இப்படியா பேசுவது?" என்று நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்றார்கள். கணவனுடைய பொருளிலேயே இந்த அனுமதி என்றால், தன் சொந்தச் சம்பளத்தைத் தன் பெயரில் ஒரு கணக்கில் போட்டுவைப்பதை எப்படித் துரோகம் என்பது? ஹனஃபியிலும் ஷாஃபிஈயிலும் புத்தி தெளிவுள்ள மனைவியின் சொத்து முழுக்க முழுக்க அவளுடையது. வாங்கவும் விற்கவும் கொடுக்கவும் அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கேட்பதற்கு நாட்டுச் சட்டத்திலும் வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பெண்ணுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் இருப்பதையும், அவளுடைய நகையை விற்பதையும் அதே பிரிவில் சேர்த்திருக்கிறது. மனைவிக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் வாழும் தாய்க்கும், மகளுக்கும், சகோதரிக்கும் அது பொருந்தும். தலாக் ஆனவர்களுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் மஹரையும், திருமணத்தின்போது உறவினர் கொடுத்த பொருட்களையும் திரும்பக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கான உதவி எண் 181. இதையெல்லாம் பள்ளிவாசலில் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஜமாஅத்தில் நியாயம் கிடைத்திருந்தால் நான் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

ருஷ்து என்ற அந்தச் சொல்

இனி, பறித்தவரிடமிருந்து விலகி வந்த பிறகு என்ன? கஷ்டமான பகுதி இதுதான். அந்தச் சகோதரி மூன்று வருடம் கழித்து என்னைப் பார்க்க வந்தபோது சொன்னதை வைத்தே பேசுகிறேன்.

அத்தா வீட்டுக்கு வந்த முதல் மாதம் சம்பளம் முழுவதும் அவர் கையில் வந்தது. நாலே நாளில் தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் துணி, அக்கா மகளுக்கு ஒரு பரிசு, யாரோ கேட்ட கைமாற்று. இரண்டாவது மாதம் நேர்மாறு. பல்வலிக்கு டாக்டரிடம் போகக்கூட 200 ரூபாயை எடுக்க மனம் வரவில்லை. "எனக்குப் பைத்தியமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

இல்லை. கையில் வந்த பணம் மறுநாள் இருக்காது என்ற வீட்டில் ஒருவர் பத்து வருடம் வாழ்ந்தால், வந்த அன்றே செலவழித்துவிடுவதுதான் அங்கே புத்திசாலித்தனம். செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏச்சு வாங்கியவர் கையை இறுக்கி மூடிக்கொள்வதும் இயல்பு. அந்த வீட்டில் அவை பாதுகாப்பு. இந்த வீட்டில் அவையே நஷ்டம். சூரத்துல் இஸ்ராவின் 29வது வசனம் கையைக் கழுத்தோடு கட்டிவைப்பதையும், முழுவதுமாக விரித்துவிடுவதையும் சேர்த்தே தடுக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம், அடுத்தடுத்த மாதங்களில் வரும் என்பதை அந்தச் சகோதரியிடம்தான் நான் பார்த்தேன். ஆகவே இப்படிப்பட்டவரைப் பார்த்தவுடன் "இஸ்ராஃப், ஊதாரித்தனம்" என்று ஃபத்வா கொடுக்க அவசரப்படாதீர்கள்.

சூரத்துன்னிஸாவின் 6வது வசனம் அனாதைகளின் சொத்தைப் பற்றியது. அவர்களைச் சோதித்துப் பாருங்கள், அவர்களிடம் ருஷ்து, அதாவது பொருளைக் கையாளும் தெளிவு தெரிந்தால் சொத்தை ஒப்படையுங்கள், ஒப்படைக்கும்போது சாட்சி வையுங்கள் என்பது அதன் கருத்து. எப்படிச் சோதிப்பது? இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் எழுதுகிறார்கள்: வியாபாரியின் பிள்ளையை வாங்குவது விற்பதிலும், விலை பேசுவதிலும் சோதிக்க வேண்டும். பெண்ணை நூல், பஞ்சு விஷயத்திலும், உணவைப் பூனை தொடாமல் பாதுகாப்பதிலும் சோதிக்க வேண்டும். ஒரு முறை போதாது, திரும்பவும் சோதிக்க வேண்டும். மதரஸாவில் ஓதும்போது பூனை வந்ததும் நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது யோசித்தால் அதில் எவ்வளவு இரக்கம்! தெளிவு என்பது பிறக்கும்போதே வருவதல்ல. சின்னச் சின்னப் பொருளைக் கையில் கொடுத்து, தவறவிட்டால் இன்னொரு முறை கொடுத்து வரவழைப்பது. பருவம் அடையாத அனாதைக்குக் கிடைக்க வேண்டிய அந்த வாய்ப்பை, 35 வயது மனைவிக்குக் கொடுக்காமல் வைத்துவிட்டு, "அவளுக்குப் பணத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கிறோம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஊதாரியாகவே இருந்தாலும் 25 வயது ஆகிவிட்டால் அவனுடைய சொத்தை அவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். தன் பொருளில் தன் சொல் செல்லாது என்று ஆக்குவது ஒருவனின் மனிதத் தன்மையையே பறிப்பதாகும், அது பணம் வீணாவதைவிடப் பெரிய கேடு என்பது ஹனஃபி நூல்கள் அதற்குச் சொல்லும் காரணம். அவர்களுடைய இரு மாணவர்களும் இமாம் ஷாஃபிஈயும் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களுடைய கருத்தின்படியும்கூட, கணவன் என்ற ஒரே காரணத்தால் மனைவியின் சொத்தை முடக்கும் அதிகாரம் ஒருவனுக்கு வந்துவிடாது.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஹப்பான் பின் முன்கித் (ரழி) அவர்களுடையது. சில ரிவாயத்துகளில் அவர்களின் தந்தையின் பெயர் வருகிறது. தலையில் பட்ட காயத்தால் பேச்சும் அறிவும் சற்றுத் தளர்ந்திருந்தன. கடைவீதிக்குப் போனால் ஏமாந்து வருவார். குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இவரை வியாபாரம் செய்யவிடாமல் தடுத்துவிடுங்கள் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அழைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். தன்னால் வியாபாரம் செய்யாமல் இருக்க முடியாது என்றார் அவர். அப்படியானால் வாங்கும்போது "லா கிலாபா", அதாவது ஏமாற்று வேலை கூடாது என்று சொல்லிவிடு என்று கற்றுக்கொடுத்தார்கள். வாங்கிய பொருளை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று முடிவு செய்ய அவருக்கு மூன்று நாள் அவகாசமும் இருந்ததாக இப்னு மாஜாவின் அறிவிப்பில் வருகிறது.

கவனியுங்கள். ஏமாந்தவரைக் கடைத்தெருவிலிருந்து வெளியேற்றவில்லை. அவர் கையில் ஒரு வார்த்தையும் மூன்று நாளும் கொடுத்தார்கள். ஒரே பொந்தில் இரண்டு முறை தீண்டப்படுவதைப் பற்றிய ஹதீஸை ஏமாந்தவர்களைக் குத்திக்காட்டுவதற்கே நாம் பயன்படுத்துகிறோம். இந்தச் சம்பவத்தையும் பக்கத்தில் வைத்து அதை ஓத வேண்டும்.

அந்தச் சகோதரியிடம் நான் சொன்னது இதைத்தான். உங்களுக்கும் சொல்கிறேன். இது என் யோசனை, மார்க்கச் சட்டம் அல்ல. 1000 ரூபாய்க்கு மேல் எதை வாங்குவதாக இருந்தாலும் மூன்று நாள் கழித்து வாங்குங்கள். யார் கைமாற்று கேட்டாலும், அது கூடப் பிறந்தவராக இருந்தாலும், "மூன்று நாளில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பயத்தில் "சரி" என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய உதவி. "இல்லை" என்று சொல்லும் துணிவு உடனே வராது. மூன்று நாள் என்று சொல்லத் துணிவு தேவையில்லை.

முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம். எழுதுங்கள், அவ்வளவுதான். ஒரு 20 ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். பால், பஸ், மாத்திரை, பிள்ளை கேட்ட ஐஸ், எல்லாம். குர்ஆனிலேயே நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையையோ நோன்பையோ பற்றியது அல்ல. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது, சூரத்துல் பகராவின் 282வது வசனம். சிறிய தொகையாக இருந்தாலும் எழுதச் சலித்துக்கொள்ள வேண்டாம் என்று அல்லாஹ் சொல்கிறான். சந்தேகம் வராமல் இருக்க அதுவே நெருக்கமான வழி என்று காரணமும் சொல்கிறான். ஆகவே இனிமேல் அண்ணனுக்குக் கொடுத்தாலும் எழுதி வாங்குங்கள். "என்னை நம்பவில்லையா?" என்று அவர் கோபித்துக்கொண்டால், வசனத்தின் எண்ணைச் சொல்லுங்கள்.

இரண்டாவது மாதம், எழுதியதைப் பார்த்துப் பிரியுங்கள். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை முதலில். அதன்பிறகு ஒரு சின்னத் தொகையை, 300 ரூபாயோ 500 ரூபாயோ, யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத தொகையாக ஒதுக்கிவையுங்கள். உங்களுக்கே கணக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு முழம் மல்லிகைப் பூ வாங்குங்கள், பிரியாணி வாங்கிச் சாப்பிடுங்கள். அந்தச் சகோதரி முதலில் வாங்கியது ஒரு குடை. ஏழு வருடமாகப் பள்ளிக்கூடத்துக்கு மழையில் நனைந்துகொண்டே போயிருக்கிறார்.

இன்னொரு பக்கம், தர்மத்திலும் நிதானம் வேண்டும். மீண்டு வந்த சந்தோஷத்தில் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுக்கத் தோன்றும். தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் கஅப் பின் மாலிக் (ரழி) தன் சொத்து முழுவதையும் ஸதகா செய்ய முன்வந்தபோது, கொஞ்சத்தை உனக்கென்று வைத்துக்கொள், அதுதான் உனக்கு நல்லது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

பிறகு வங்கி. பழைய கணக்கில் உங்கள் எண் இல்லை என்றால் முதல் வேலையாக வேறொரு வங்கியில், உங்கள் கைபேசி எண்ணோடு ஒரு கணக்குத் தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கிகளிலும் உண்டு. சம்பளத்தை அதற்கு மாற்றுங்கள். ரகசிய எண்ணைப் பிள்ளையின் பிறந்த நாளாக வைக்காதீர்கள், அது அவருக்கும் தெரியும். உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று பார்க்க, சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எடுத்துப் பார்க்கப் பயமாக இருக்கும். கூட ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணத்தை அவர் செலவழித்திருந்தாலும், கடன் உங்கள் பெயரில் இருந்தால் கொடுத்தவர் உங்களிடம்தான் கேட்பார். ஜாமீன் கையெழுத்துக்கும் அதே பொறுப்பு உண்டு. குழுக் கடன் என்றால் உங்களோடு உட்கார்ந்த மற்றப் பெண்களின் தலையிலும் விழும். உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தால் அது வேறு, உடனே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். மற்றபடி கடன்காரரிடம் நீங்கள் பொறுப்பாளி, உங்களிடம் அவர் பொறுப்பாளி. இரண்டையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். வட்டிக் கடனில் கையெழுத்துப் போட்ட பாவத்தை நினைத்து அழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: கத்தியைக் காட்டினால் மட்டும்தான் நிர்ப்பந்தம் என்பதில்லை, உங்கள் நிலையை அல்லாஹ் அறிவான். தவ்பா செய்துவிட்டு, அதிக வட்டி உள்ளதை முதலில் அடைத்து வெளியே வாருங்கள். அதை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் வாங்காதீர்கள்.

கடைத்தெருவைக் காட்டுவது யார்?

இப்போது ஆண்களாகிய நம்மிடம் வருகிறேன். அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்தார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரழி) தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். உங்கள் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், கடைத்தெரு எங்கே என்று காட்டுங்கள் என்றார்கள் அப்துர்ரஹ்மான் (ரழி). பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் நிகாஹ் செய்துகொண்டு வந்து நின்றபோது, மஹராக என்ன கொடுத்தாய் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் என்றார்கள். வெறுங்கையோடு வந்தவர், உழைத்துச் சேர்த்து, அதிலிருந்து ஒரு பெண்ணின் உரிமையைக் கொடுத்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்தை மேடையில் சொல்லி, "உழைத்துச் சாப்பிடுங்கள், கையேந்தாதீர்கள்" என்று முடித்துவிடுகிறோம். ஸஅத் (ரழி) பாதிச் சொத்தை முதலில் நீட்டினார் என்பதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். கடைத்தெருவைக் காட்டும் தகுதி, பாதியை நீட்டியவருக்குத்தான் வந்தது.

சூரத்துத் தவ்பாவின் 60வது வசனம் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டவர்களைச் சொல்கிறது. வேறொருவர் வாங்கிய கடனைத் தலையில் சுமந்து நிற்கும் இந்தப் பெண்களைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்? பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறோம், நல்லது. ஆனால் விண்ணப்பத்தில் கணவரின் கையெழுத்தைக் கேட்கிறோம். கணவரிடமிருந்து தப்பி வந்தவள் அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவாள்? போன மாதம் நிர்வாகக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். அந்தக் காலத்தில் யாரோ அச்சடித்த படிவம், யாரும் யோசிக்கவில்லை என்றார்கள். மாற்றிவிட்டார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும்.

அந்தச் சகோதரி இன்று எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். 22 பவுனும் திரும்பவில்லை. ஜமாஅத்தும் வக்கீலும் சேர்ந்து பேசியதில் 9 பவுன் வந்தது. மஹர் நகை அதில் இல்லை, அது ஏலத்தில் போய்விட்டது. குழுக் கடன்களை நாலு வருடத்தில் அடைத்தார். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் இட்லி மாவு. கணக்கு நோட்டு இப்போது பதினொன்றாவது. இன்னமும் சில மாதங்களில் கை தானாக மூடிக்கொள்கிறது என்கிறார். கடைசியாகப் பார்த்தபோது நான் அன்று மக்தபுக்குள் போய்விட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "மூணு நாள்ல சொல்றேன் ஹஜ்ரத்" என்று சிரித்தார். இன்னும் சொல்லவில்லை.

ஓர் அறிவிப்பு. இனி நம் பள்ளியில் நடக்கும் நிகாஹ்களில், மஹரோடு சேர்த்து மணமகளுக்கு அவர் வீட்டார் போடும் நகைகளின் பட்டியலும் எடையோடு எழுதப்படும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு பிரதி தஃப்தரோடு இருக்கும், இன்னொரு பிரதி மணமகளின் கையில் கொடுக்கப்படும். மாமியாரிடமோ அத்தாவிடமோ அல்ல, மணமகளிடம். முதல் பட்டியல் இந்த ஞாயிற்றுக்கிழமை நிகாஹில் எழுதப்படுகிறது, இன்ஷா அல்லாஹ். பெண் வீட்டார் நகைக்கடை ரசீதுகளைச் சனிக்கிழமை மஃரிபுக்குள் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.